மணப்பந்தலும் கடன்சீட்டும்

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கணவன் மனைவியாவதற்கு என்ன வேண்டும்? சட்டத்தைக் கேளுங்கள்; மிகச் சுருக்கமாக விடையிறுக்கிறது. உற்றாரோ நண்பரோ பிறரோ சிலர் உடனிருக்க, மணமக்கள் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது, மாலை மாற்றிக் கொண்டாலோ விரலில் மோதிரம் அணிவித்தாலோ போதும். அல்லது, தாலி கட்டினால் போதும். இவற்றுள் ஏதேனும் ஒன்று! இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7-அ பிரிவு கேட்பது இவ்வளவே. மந்திரம் கேட்கவில்லை, ஓமப்புகை கேட்கவில்லை, ஏழடி நடக்கச் சொல்லவில்லை, நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு மாலை வாங்கக் காசிருந்தால் திருமணம் முடிந்தது. மாலைக்கும் காசில்லையா? வாயிலே சொல் இருந்தால் போதும்.

சட்டம் இப்படிச் சொல்லுகிறது. ஊர் எப்படிச் சொல்லுகிறது? பொள்ளாச்சிச் சாலைகளில் முகூர்த்த நாள் ஒன்றில் நடந்து பாருங்கள். மண்டபத்து வாயிலில் வாழை மரம், வரவேற்பு வளைவு, விளக்குத் தோரணம். உள்ளே பந்தி மேல் பந்தி. மேடை முழுவதும் பூ. அந்தப் பூ அன்று மாலையே வாடிவிடும். அதற்காக வாங்கிய கடனின் வட்டி வாடுவதில்லை! மாதச் சம்பளக்காரர் வீடானால் வங்கிக் கடன். உழவர் வீடானால் தோப்பின் மேல் கடன். கூலிக்காரர் வீடானால் கந்துவட்டி. இரண்டு மாலையில் முடியக்கூடியது, ஒரு தகப்பனின் பல்லாண்டு உழைப்பை விழுங்குகிறது.

'கையிருப்புக் குறைவு, எதைக் குறைக்கலாம்?' என்று நாள் குறித்துவிட்ட இளைஞர்கள் கேட்கிறார்கள். இலையைக் குறை, இனிப்பைக் குறை, அழைப்பைக் குறை என்று அறிவுரை கூறுவோர் பலர். தவறான அறிவுரை அன்று. ஆயினும், செலவு ஏறி வந்த வழி தெரியாமல் அதை இறக்கும் வழி தெரியாது. அந்த வழியில் சற்றே பின்னோக்கி நடப்போம்.

புரோகிதரை விலக்கினால் செலவு விலகிவிடும் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. அவர்கள் கொங்கு நாட்டுப் பழந்திருமணத்தை அறிந்து கொள்ளுதல் நலம். இங்கே வேளாண்குடித் திருமணத்தை நடத்தி வைத்தவர் வேதம் ஓதியவர் அல்லர். அக்குடியிலேயே மூத்தவரான அருமைக்காரர். மனைவி மக்களோடு வாழ்பவர், அதற்கென உள்ள சடங்கையும் முடித்தவர். அவருக்கே அந்தத் தகுதி. பெண்கள் பக்கத்தில் அருமைக்காரி. வடமொழி மந்திரத்தின் இடத்தில் தமிழ்ப்பாட்டு. மங்கல வாழ்த்து என்பது அதன் பெயர். பாடுபவர் ஊர் நாவிதர். கம்பரே பாடித் தந்தது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அது எப்படியாயினும், மணமேடையில் ஒலித்தது தமிழ் என்பதில் ஐயமில்லை. 1960-களின் நடுவில் காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர், கொங்கு உழவர் சமுதாயத்தைப் பற்றி 1972-இல் வெளியிட்ட நூலில் இந்த அருமைக்காரர் முறையை விரித்து எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டவுடன் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆரியம் கலவாத திருமணம் எங்கள் ஊரிலேயே இருந்ததே என்று சொல்லத் தோன்றுகிறது. அகநானூற்றின் 86-ஆம் பாட்டையும் 136-ஆம் பாட்டையும் துணைக்கு அழைக்கிறோம். பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு நடந்த அந்தத் திருமணங்களில் தீ வலம் இல்லை, புரோகிதர் இல்லை என்று மேடையிலே முழங்குகிறோம். உண்மைதான். ஆனால் தோழர்களே, 86-ஆம் பாட்டை இன்னொரு முறை படியுங்கள். மணமகளை நீராட்டுபவர் யார்? மகனைப் பெற்றெடுத்த மகளிர் நால்வர். பிள்ளை பெறாதவளுக்கும் கணவனை இழந்தவளுக்கும் அங்கே இடம் இருந்ததாகப் பாட்டு சொல்லவில்லை. புரோகிதர் இல்லாத பந்தலிலும் விலக்கு இருந்தது!

கொங்குத் திருமணத்திலும் அதுவே. அருமைக்காரிக்கு உள்ள இடம் கைம்பெண்ணுக்கு இல்லை. பெற்ற தாயே ஆயினும், கணவனை இழந்தவள் என்றால் தூணருகே ஒதுங்கி நிற்க வேண்டியவள். எழுதிங்கள் என்றொரு சீர் உண்டு. மணமான பெண்ணுக்கு அதைச் செய்து முடித்த பிறகே, உறவினர் திருமணங்களில் சீர் செய்யும் தகுதி அவளுக்கு வரும். அந்தச் சீருக்கும் பெரும் பொருள் வேண்டும். ஒரு திருமணத்தில் நிற்கத் தகுதி பெறுவதற்கே இன்னொரு திருமணச் செலவு!

செலவுப் பட்டியலும் குறுகியதன்று. உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்வது தொடங்கி, நாட்கால் நடுவது, இணைச்சீர், தாரை வார்ப்பது என்று சீர்கள் நீண்டன, நாட்களும் நீண்டன. ஒவ்வொரு சீருக்கும் துணி, தேங்காய், நெல், வெற்றிலை. நாவிதர், வண்ணார், குயவர், பறை அறைவோர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பணி, ஒரு பங்கு. அந்தப் பங்கின் அளவிலேயே யார் மேல், யார் கீழ் என்னும் கணக்கு. முதல் வெற்றிலை யாருக்கு, பந்தியில் முதல் இலை யாருக்கு, எவருக்குப் பந்தலுக்குள் இடம், எவருக்குப் பந்தலுக்கு வெளியே என்று சாதி அடுக்கு முழுவதும் அந்தச் சில நாட்களில் ஊர் நடுவே காட்சிக்கு வந்தது. செலவைக் குறைத்தால் காட்சி குறையும். காட்சி குறைந்தால் மதிப்புக் குறையும். ஆகவே எவரும் குறைக்கத் துணியவில்லை. புரோகிதர் தட்சிணை இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இணைச்சீர் என்றேனே, அதைப் பற்றி ஒரு சொல். மணமகனின் உடன்பிறந்தாளை மேடைக்கு அழைத்துப் பெருமை செய்யும் சீர் அது. பிறந்த வீட்டில் அவளுக்கு என்றும் உரிமை உண்டு என்பதை ஊரறியக் காட்டுவது. கண்ணுக்கு இனிய காட்சி. ஆனால் அவளுடைய உரிமை சீரில் இருந்தது; பட்டாவில் இல்லை! இந்த ஒரு முரண்பாட்டை மறவாதீர்கள்; பின்னால் வந்த செலவுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பண்ணையாருடைய திருமணம் இப்படி என்றால் பண்ணையாளின் திருமணம் எப்படி? ஒரு சேலை, ஒரு வேட்டி, சுற்றத்தாருக்கு ஒரு வேளைச் சோறு. அதற்கும் கையில் காசில்லை. நிலக்காரரிடம் முன்பணம் வாங்கினான். வாங்கிய அன்று அவன் மணமகன். மறுநாள் முதல் அவன் பண்ணையாள். கடன் தீரும் வரையில் வேறு காட்டுக்கு வேலைக்குப் போகக் கூடாது. கடன் தீரவும் தீராது. தந்தை பட்ட திருமணக் கடனுக்கு மகனும் ஏர் பிடித்தான். கோவை மாவட்டத்துத் தோட்டங்களில் தாழ்த்தப்பட்ட குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்ததற்குத் திருமணக் கடன் ஒரு முதன்மைக் காரணம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் நாடளாவிய சட்டம் 1976-இல்தான் வந்தது. ஏழை வீட்டுத் திருமணச் செலவு என்பது வெறும் வீண்செலவு பற்றிய பேச்சன்று. ஒரு மனிதனின் கால் கட்டப்படுவதா, கட்டவிழ்வதா என்பது பற்றிய பேச்சு.

இந்தப் பின்னணியில்தான் ஈரோட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. 1925 மே 2-இல் 'குடி அரசு' ஏடு பிறந்தது. அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில் 1928 மே 28-இல் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணமாகப் பொதுவாகக் குறிப்பர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும், சாதி பாராமல் துணையைத் தேர்ந்து கொள்ளவும், கைம்பெண் மறுமணத்துக்கும், மணவிலக்குக்கும், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமைக்கும் தீர்மானங்கள் நிறைவேற்றியது. சொத்துரிமையையும் திருமணத்தையும் ஒரே மாநாட்டில், ஒரே மூச்சில் பேசினார்கள் என்பதைக் கருதுங்கள். அந்தத் தொடர்பை நாம் பின்னாளில் மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை.

சுயமரியாதைத் திருமணம் என்றால் புரோகித மறுப்பு என்றே இன்று பலரும் அறிந்திருக்கிறார்கள். அது பாதிச் செய்தி. ஒரே நாள், ஒரே வேளை விருந்து, சில நாள் வருமானத்துக்குள் அடங்கும் செலவு என்று பெரியார் ஓயாமல் வற்புறுத்தினார். திருமணத்தை அவர் வாழ்க்கை ஒப்பந்தம் என்றார். ஒப்பந்தத்துக்கு இருவர் வேண்டும், சான்றினர் வேண்டும். ஊரார் பசி தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை! இயக்க மாநாட்டுப் பந்தலிலேயே திருமணங்கள் நடந்தன, பந்தற்செலவு மிச்சம். பஞ்சாங்கம் ஒதுக்கிய இராகு காலத்திலேயே வேண்டுமென்று மாலை மாற்றினார்கள். இதில் பகுத்தறிவும் உண்டு, சிக்கனமும் உண்டு. எல்லோரும் தேடி ஓடும் நாளில் வாழையிலை முதல் வண்டி வாடகை வரை விலை ஏறும் அல்லவா? ஒருவரும் விரும்பாத நாளில் எல்லாம் மலிவு. மூடநம்பிக்கைக்கும் விலைவாசிக்கும் உள்ள உறவை இதைவிட எளிதாக எந்த வகுப்பறையிலும் விளக்க முடியாது.

கைம்பெண்கள் மேடையேறினர். ஒதுக்கப்பட்ட சாதியினர் பந்தியில் உடன் அமர்ந்தனர். பந்தலுக்கு வெளியே நிறுத்தி வைக்க எவரும் இல்லாதபோது, உயர்வு தாழ்வைக் காட்டுவதற்கான செலவும் தேவையற்றுப் போயிற்று. செலவு குறைந்ததற்கு உண்மைக் காரணம் இதுவே. (மிச்சமான நேரத்தையெல்லாம் நம் சொற்பொழிவாளர்கள் எடுத்துக் கொண்டனர் என்று ஒரு நகைச்சுவை வழங்குகிறது. மணமக்களின் பசி அறிந்து பேசியவர்கள் சிலரே என்பதை மறுப்பதற்கில்லை!)

இப்படித் துணிந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1953-இல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1934-இல் பெரியார் தலைமையில் நடந்த ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. சாத்திரம் கூறும் சடங்கு இல்லை; சடங்கை விலக்கும் வழக்கம் உண்டென்றால், அது நெடுங்காலமாய் வழங்கி வந்ததாக இருக்க வேண்டும்; நேற்றுத் தோன்றியது வழக்கமாகாது என்பது அதன் சாரம். விந்தையைப் பாருங்கள்! கொங்கு நாட்டு அருமைக்காரர் நடத்தி வைத்த திருமணத்திலும் வேத மந்திரம் இல்லை. அது செல்லும், ஏனெனில் பழையது. சுயமரியாதைத் திருமணத்திலும் வேத மந்திரம் இல்லை. அது செல்லாது, ஏனெனில் புதியது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் மணமக்களில் ஒருவர் மரபுப்படியான சடங்கு வேண்டும் என்றே நின்றது. சிக்கனமாய் மணந்தவர்களின் பிள்ளைகள் சொத்து வழக்கில் முறை தவறிப் பிறந்தவர்களாக நிற்க வேண்டி வந்தது. மண்டபத்தில் செலவிடாத பணத்தை மன்றத்தில் செலவிட்டார்கள்.

அறிஞர் அண்ணாவின் அரசு 1967 மார்ச்சில் அமைந்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் இத்திருத்தத்தை நிறைவேற்றியது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது பின்னோக்கியும் கை நீட்டியது. வரைவில் மாலை மாற்றுதலோடு தாலியும் சேர்ந்து நின்றதாகவும், பெரியாரின் யோசனைப்படியே 'அல்லது' என்னும் சொல் அங்கே வந்ததாகவும் இயக்கத்தார் கூறுவர். அந்த 'அல்லது' சிறு சொல்லன்று. தாலி கட்டாயமானால் பொன் கட்டாயம். பொன் கட்டாயமானால் கடன் கட்டாயம். கழுத்தில் பொன் ஏறாமலே பெண் மனைவியாகலாம் என்று சட்டத்தை எழுத வைத்தது அந்த ஒரு சொல்.

சரி, சட்டம் வந்தது. செலவு இறங்கியதா?

இறங்கவில்லை. ஏறியது! அதிலும் கொங்கு நாட்டில் ஏறிய வேகம் வியப்புக்குரியது. முன்பு இங்கே உழவர் குடிகளிலும் உழைப்பாளர் குடிகளிலும் மணமகன் வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண் கேட்ட வழக்கம் இருந்தது. பெண் உழைப்பவள், உழைக்கும் கையை இழக்கும் வீட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அதில் இருந்தது. பெண்ணை விலை பேசுவதாக அது இருந்தமையால் அதையும் நாம் போற்றுவதற்கில்லை. ஆனால் காசு ஓடிய திசை வேறு. 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. கோவையில் நூற்பாலைகள் பெருகின. கிணறுகளில் மின் இறைப்பிகள் ஓடின. 1960-களில் ஆழியாறு அணையும் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்களும் பொள்ளாச்சி மண்ணைத் தென்னந்தோப்பாக்கின. தோப்பு வந்தது, பணம் வந்தது, மகன் கல்லூரிக்குப் போனான். காசு திசை மாறி ஓடத் தொடங்கியது. பரிசம் வரதட்சணையாயிற்று. வசதியான வீட்டுப் பெண்கள் வயல் வேலையிலிருந்து விலகினர். அதுவே பெருமையாகவும் பேசப்பட்டது. உழைப்புக்கு ஈடாக வந்த பரிசம் நின்றது. நிலத்துக்கு ஈடாகப் போன பொன் தொடங்கியது. கோவை மாவட்டச் சிற்றூர்களை நெடுங்காலம் ஆராய்ந்த சூடித் ஏயர் என்னும் பொருளியல் அறிஞர், கவுண்டர் குடும்பங்களில் வரதட்சணைக்கும் மூலதனப் பெருக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி 1992-இல் ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

ஆட்சியாளர் வாளாவிருந்தனர் என்று சொல்ல முடியாது. வரதட்சணைத் தடைச்சட்டம் 1961-இல் வந்தது. 1963 சனவரியில் பொன் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். தாய்மார் பொன்னாசையை விட்டார்களா? இல்லை, பொற்கொல்லர்கள்தாம் பிழைப்பை விட்டார்கள். 1966-இல் அந்த 14 காரட் விதியைக் கைவிட வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லாத நாட்டில், பொன் ஒன்றே அவள் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய பங்கு. அந்தப் பங்கைக் கொடுக்காமல் அதன் காரட்டை மட்டும் குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்?

1989-ஆம் ஆண்டு இந்தக் கதையில் ஒரு திருப்பம். அவ்வாண்டு மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாரிசுரிமைத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றது. செங்கற்பட்டில் கேட்டதற்குச் சரியாக அறுபது ஆண்டு கழித்து விடை! ஆனால் அந்தச் சட்டத்திலே ஒரு விலக்கு இருந்தது: அந்நாளுக்கு முன் திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. ஏன்? 'அவளுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே' என்னும் ஊர் நியாயம் சட்டத்துக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மண்டபத்து வாடகையும் விருந்துச் செலவும்கூட மகளின் பங்கில் கழிக்கப்பட்டன. உண்டவர் ஊரார், கணக்கு அவள் பேரில்! 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகத்தில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. இன்று 'சீர் செய்தாயிற்று' என்பது சட்டத்தின் முன் விடையாகாது. ஆயினும் பத்திரப் பதிவு அலுவலகத்து வாயிலில் தங்கைகள் வரிசையாக நின்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் காட்சி நம் ஊர்களில் இன்றும் மறையவில்லை.

அதே 1989-இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டம் ஒன்றும் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் அதற்கு. படித்திருந்தால்தான் உதவி என்ற விதியில் நல்லறிவு இருந்தது. தொடக்கத்தில் 5,000 ரூபாய். பின்னர் 25,000 என்றும், பட்டம் பெற்றவளுக்கு 50,000 என்றும் உயர்ந்தது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் பொன் சேர்ந்தது. 2016-இல் அது 8 கிராம் ஆயிற்று. சட்டத்தில் 'அல்லது' போட்டு விலக்கி வைத்த பொன், திட்டத்தின் வழியே திரும்பி வந்ததைக் கண்டு சிரிப்பதா, வருந்துவதா? தாலிக்குப் பொன் இல்லாமல் எத்தனை பெண்கள் காத்திருந்தார்கள் என்பதை அறிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

காத்திருந்தவர்களின் கதையில் ஒரு பகுதி கொங்கு நாட்டு நூற்பாலை விடுதிகளில் நடந்தது. 'சுமங்கலித் திட்டம்' என்பது அதன் பெயர். 'திருமகள் திருமணத் திட்டம்' என்றும் சொன்னார்கள். மங்கலமான பெயர்! தென் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து இளம்பெண்களை அழைத்து வந்து, ஆலை விடுதியில் தங்க வைத்து, மூன்றாண்டு வேலை முடித்தால் திருமணச் செலவுக்குத் திரண்ட தொகை தருவோம் என்றார்கள். 30,000 முதல் 50,000 ரூபாய் வரை; அன்றைய விலையில் இரண்டு மூன்று பவுனுக்கு மேல் தேறாது. நாள் முழுவதும் வேலை, வெளியே செல்லத் தடை, இடையில் நோயுற்று வீடு திரும்பினால் தொகையை மறந்துவிட வேண்டியது. நெதர்லாந்து நாட்டு ஆய்வு அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகறியச் செய்தது. பண்ணையாள் திருமணம் முடித்து அடிமையானான். இந்தப் பெண்கள் திருமணத்துக்கு முன்பே ஆனார்கள். நடுவே ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது, அவ்வளவே.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. செலவின்றி மணப்பது, பெற்றோர் கையை எதிர்பாராமல் மணப்பது. ஆகவே சாதி பாராமல் மணக்கும் துணிவும் அதனோடு பிறக்கிறது. அது ஆதிக்கக்காரர்களுக்குத் தெரியும். 2016 மார்ச் 13-இல், நம் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் என்னும் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்து வேறு சாதிப் பெண்ணை மணந்ததே அவர் செய்த குற்றம். ஊரறிய மண்டபம் பிடித்து மணக்க இயலாதவர்களுக்கு வழி என்ன? வழக்குரைஞர் அறையில் ஓசையின்றி நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014-இல் உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. 2023 ஆகத்து 28-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது: 7-அ பிரிவின்படி திருமணத்துக்குப் பலரறியும் விழா கட்டாயமன்று, வழக்குரைஞர்கள் நண்பர் என்ற முறையில் உடனிருந்து நடத்தி வைக்கலாம். அஞ்சி வாழும் இணையருக்கு இது உயிர் காக்கும் தீர்ப்பு.

இனி, நாள் குறித்துவிட்ட இளைஞரின் தாளுக்கு வருவோம். அந்தத் தாளில் மேலிருந்து கீழாக மண்டபம், விருந்து, பந்தல், அழைப்பிதழ், துணி, படம் எடுப்பவர், பொன் என்று எழுதி எதிரே தொகை போடுவார்கள். நான் சொல்லுவது, வரிசையை விட்டுவிட்டு இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். மணமக்களோடு வீட்டுக்கு வருவது ஒரு பத்தி. அன்று மாலையே தீர்ந்து போவது மற்றொரு பத்தி. பாத்திரமும் படுக்கையும் வாடகை வீட்டு முன்பணமும் முதற்பத்தியில் வரும். மேடைப் பூவும் வாணவேடிக்கையும் இரண்டாவதில். இரண்டாம் பத்தியைச் சில நாள் வருமானத்துக்குள் அடக்க முடியுமா என்று பாருங்கள். பெரியார் வைத்த அளவு அது. முடியும். மாலை வேளையில், விடுமுறை நாளில், பள்ளிக் கூடத்திலோ நூலகத்திலோ மன்றத்திலோ, தேநீரும் பலகாரமும் கொடுத்து நடத்தலாம். இராகு காலத்தில் வைத்தால் கேட்ட இடம் கிடைக்கும்! மொய் வாங்கினால் அதுவும் கடன் என்பதை மறவாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள், பத்தாண்டு கழித்தும் கேட்பார்கள்.

பொன்னை எந்தப் பத்தியில் எழுதுவது? அது தீர்ந்து போவதன்று. ஆனால் பெரும்பாலும் அடகுக் கடையில் தங்குவது. பவுன் விலை 2024 மார்ச்சில் 50,000 ரூபாயைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் 70,000-ஐத் தாண்டியது. அந்த விலையிலே ஐந்து பவுன் போட்டாலும் மூன்றரை இலட்சம். பெண்ணுக்குச் சேர வேண்டியதைப் பறிக்கச் சொல்லவில்லை நான். அவளுக்குக் கொடுக்க எண்ணியதை அவள் பெயரில் கொடுங்கள்: வங்கிக் கணக்கில், வீட்டு மனைப் பத்திரத்தில், தோப்பின் பட்டாவில். இதைச் சொன்னால் செலவைத் தாராளமாய்ச் செய்யத் துணிந்த தந்தையர் பலர் திடீரென்று சிக்கனக்காரர் ஆகிவிடுகிறார்கள்! ஊருக்குக் காட்ட இருபது பவுன் கொடுப்பவர், பத்துச் செண்டு நிலம் மகள் பெயருக்கு மாறக் கை நடுங்குவது ஏன் என்று அந்தந்த வீட்டுப் பெண்களே கேட்கட்டும்.

அரசு இந்தக் கேள்வியைத் தன் அளவில் கேட்டுக் கொண்டது. 2022-இல் அந்தத் திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அதே அம்மையாரின் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டம் ஆக்கினார்கள். 'புதுமைப் பெண்' என்றும் அதற்குப் பெயர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண், கல்லூரியில் படிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே சேரும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 36,000. 2025 ஏப்ரல் விலையில் அரைப் பவுன்! அதை இழப்பு என்று சொன்ன பெற்றோரும் எங்கள் பக்கத்தில் உண்டு; தாலிக்குக் கிடைத்த எட்டுக் கிராம் போயிற்றே என்று அங்கலாய்த்தார்கள். அந்தப் பெண்களிடம் நான் கேட்டவரையில், ஒருத்தியும் அப்படிச் சொல்லவில்லை. பேருந்துக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வீட்டில் கை நீட்டவில்லை என்றாள் ஒருத்தி.

இன்னும் ஒன்று. எவ்வளவு எளிமையாய் மணந்தாலும், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். சுயமரியாதைத் திருமணம் செய்தவர்கள் இதைத் தள்ளிப் போடவே கூடாது. மந்திரம் ஓதியவர்களிடம் எவரும் சான்று கேட்பதில்லை, நம்மிடம் கேட்பார்கள். திருமணத்தன்றே மேடையில் படிவத்தை வைத்து மணமக்களிடமும் சான்றினரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். முகவரிச் சான்று, வயதுச் சான்று, ஒளிப்படம், அழைப்பிதழ் இருந்தால் அதன் படி ஒன்று. இவற்றை ஓர் உறையில் இட்டு, மறு வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகம் திறந்திருக்கும் ஒரு முற்பகலில் இருவரும் சென்று வாருங்கள்.